மலைத்தோட்டப் பாதைக்கென்று கேட்டு வாங்கிய கார், அந்தப் பாதையில் ஏறவில்லை

ரெலாவ், பினாங்கு
21 ஜூலை 2025

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

பொருள்: காரின் இயக்க முறை பற்றித் தவறான தகவல் கொடுத்து விற்றது தொடர்பாக

வணக்கம். கடந்த மார்ச் மாதம் உங்கள் காட்சிக்கூடத்தில் ஒரு எஸ்யூவி வாங்கினேன். கையெழுத்துப் போடும் முன்பே என் தேவை என்ன என்று உங்கள் விற்பனையாளரிடம் விவரமாகச் சொன்னேன். பாலிக் புலாவில் என் மாமனாருக்குச் சின்னதாக ஒரு டுரியான் தோட்டம் இருக்கிறது. துன் சார்டோன் சாலையில் மலையைச் சுற்றிப் போய், பெரிய சாலையிலிருந்து கீழே பிரியும் சிமெண்டுப் பாதையில் இறங்க வேண்டும். ஒரு கார் போகிற அகலம்தான். மழை நாளில் பாசி பிடித்துக் கிடக்கும். போகும்போது இறக்கம், வரும்போது பழத்தோடு ஏற்றம். கைப்பேசியில் படத்தையும் காட்டினேன்.

"ஆல் வீல் டிரைவ் வேணும்னு மாமா சொல்றாரு, இதுல இருக்கா தம்பி?" என்று நேரடியாகவே கேட்டேன். நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் முறை அது. அவர் கியருக்குப் பக்கத்தில் இருந்த வட்டத் திருகியைத் திருப்பினார். திரையில் ஒரு மலைப் படம் வந்தது. "இதுல வச்சிட்டீங்கன்னா எந்த மேட்டுலயும் ஏறும் அக்கா" என்றார். நம்பினேன். 9 ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 5, சனிக்கிழமை. டுரியான் சீசன். மதியம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பின்னால் ஆறு கூடை பழம், பக்கத்தில் மாமா, பின் இருக்கையில் என் மகள். பாதி ஏற்றத்தில், வளைவு திரும்பும் இடத்தில் முன்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்ற ஆரம்பித்தன. டயர் கருகும் வாடை. மலைப் படம் திரையில் அப்படியே இருந்தது. கார் மெல்லப் பின்னால் வழுக்கி, இடது பின்சக்கரம் வாய்க்கால் விளிம்பில் போய் நின்றது. எழுபத்திரண்டு வயது மனிதர் இறங்கி ஓடிச் சக்கரத்துக்கு அடியில் கல்லை வைத்தார். அந்தக் கை ஒரு அங்குலம் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் இரவில் நினைத்துப் பார்க்கிறேன். கூடைகளை இறக்கித் தலையில் சுமந்து மேலே கொண்டு போன பிறகு, மூன்றாவது முயற்சியில்தான் வெறும் கார் ஏறியது.

மறுவாரம் எங்கள் பட்டறை போர்மேன் காரைத் தூக்கி அடியில் விளக்கடித்துக் காட்டினார். பின்பக்கம் ஓர் இரும்புத் தண்டும் புகைக்குழாயும்தான் இருந்தன. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போக வேண்டிய ஷாஃப்ட் இல்லை, அந்தச் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பின் டிஃபரன்ஷியலும் இல்லை. இது முழுக்க முழுக்க முன்சக்கர இயக்கம். அந்தத் திருகி ஆக்சிலேட்டரும் கியரும் சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோலும் வேலை செய்யும் விதத்தை மாற்றுமே தவிர, பின்சக்கரத்துக்கு ஒரு சொட்டு சக்தியைக்கூட அனுப்பாது. ஏற்றத்தில் எடை பின்னால் சாயும். பழக்கூடையும் பின்னால் இருந்தால் முன்பக்கம் இன்னும் லேசாகிவிடும். இழுக்க வேண்டிய சக்கரமே பிடி இழந்தால் கார் எப்படி ஏறும்?

முன்சக்கர இயக்கத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஜார்ஜ்டவுனுக்கும் பாலத்துக்கும் மட்டும் ஓட்டுகிறவளாக இருந்தால் நானே அதைத்தான் வாங்கியிருப்பேன். எடை குறைவு, பெட்ரோல் மிச்சம், பராமரிப்பும் சுலபம். ஆனால் நான் கேட்டது அது இல்லையே.

புகார் சொல்ல வந்தபோது உங்கள் சேவை மையத்தில் கிடைத்த பதில் அதைவிட மனதைப் புண்படுத்தியது. "அப்படின்னா ஃபோர் வீல் பிக்அப் வாங்கியிருக்கணும்" என்றார்கள். என் ஓட்டத்தில் முக்கால்வாசி தார்ச் சாலை. பெரும்பாலான பிக்அப்களில் உள்ள ஃபோர் வீலைக் காய்ந்த தார்ச் சாலையில் போட்டு ஓட்டக்கூடாது. முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்திருப்பதால் வளைவில் திரும்பும்போது இயக்கப் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும். தாரிலும் பாசியிலும் மாறி மாறிப் போகிற எனக்குப் பொருந்துவது, தேவைப்படும்போது தானாகப் பின்சக்கரத்துக்கும் சக்தி அனுப்பும் ஆல் வீல் டிரைவ். இதே மாடலின் உயர்ரகத்தில் அது இருக்கிறது என்று உங்கள் விலைப்பட்டியலே சொல்கிறது. கையிருப்பில் இல்லை, இரண்டு மாதம் ஆகும் என்று சொல்லியிருந்தால் காத்திருந்திருப்பேன். டயர் மாற்றிப் பாருங்கள் என்றும் ஒருவர் சொன்னார். நல்ல டயர் அவசியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டயர் மாற்றினால் இல்லாத ஷாஃப்ட் வந்துவிடாது.

எனவே, இந்தக் காரை நியாயமான மதிப்பில் திரும்ப எடுத்துக்கொண்டு ஆல் வீல் டிரைவ் ரகத்தைக் கொடுங்கள். கூடுதல் விலையை நான் கட்டுகிறேன்; நான்கு மாதத்தில் காரின் மதிப்பு இறங்கியதால் வரும் நட்டத்தை நீங்கள் ஏற்க வேண்டும். அப்புறம், எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பதைக் காட்சிக்கூடத்தில் நிற்கும் ஒவ்வொரு காரின் விலை அட்டையிலும் எழுதி வையுங்கள்.

இன்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அந்த வேலைக்குப் பொருந்த வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தொடுக்கலாம். ஆகஸ்டு 4க்குள் உங்கள் பதில் வராவிட்டால் அங்கே போவேன்.

விற்பனை ஒப்பந்தத்தின் நகல், போர்மேன் எழுதிக் கொடுத்த அறிக்கை, காரின் அடிப்பாகப் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். நேரில் பார்க்க வேண்டுமென்றால் மழை பெய்த மறுநாள் தோட்டத்துக்கே வாருங்கள். அந்த வளைவை நானே காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்