கோமதிக்கு, பின்னாடி வர்ற காரோட பிரேக் பத்தி

அன்புள்ள கோமதி,

உன் மெசேஜ மூணு தடவ படிச்சேன்டி. முதல் தடவ அந்த போட்டோவ பார்த்து சிரிச்ச சிரிப்புல நீ கேட்ட விஷயமே மண்டைல ஏறல. காலேஜ் டூர் பஸ்ல ஜன்னல் சீட் கிடைக்கலன்னா கர்ச்சீப்ப மூக்குல வச்சிகிட்டு ஊர் வர்ற வரைக்கும் கண்ணத் திறக்காம உக்காந்திருப்பியே, அந்த நீ இப்ப இவ்ளோ பெரிய மோட்டார்ஹோம், சக்கரம் வச்ச வீடு, வாங்கி, பின்னாடி ஒரு காரையும் கட்டி இழுத்துகிட்டு நாட்டச் சுத்தப் போறியாக்கும். நல்லா போயிட்டு வா. டெக்ஸாஸ்ல இருந்து கிளம்பினா எந்தப் பக்கம் போனாலும் ஒரு நாள் முழுக்க டெக்ஸாஸ் தான் வரும், அதுக்கு மட்டும் மனச தயார் பண்ணிக்கோ.

இங்க எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி ஜாஸ்தியாயிடுச்சு, அதனால ஓட்டறது மட்டும் தான் அவர் வேலை, கார மாட்டறது கழட்டறது எல்லாம் என் தலையில. ரோட்டுல முட்டி போட்டு டோ பார், அதான் வண்டியையும் காரையும் கோக்கற இரும்புக் கம்பி, அதோட பின்ன மாட்டறப்ப போறவங்க வர்றவங்க எல்லாம் இவர ஒரு பார்வ பார்ப்பாங்க பாரு, அதுக்காகவே நான் கொஞ்சம் மெதுவா தான் மாட்டுவேன்.

சரி, உன் கேள்விக்கு வரேன். டெக்ஸாஸ் சட்டத்துல பின்னாடி இழுக்கறது 4,500 பவுண்டுக்கு மேல இருந்தா தான் அதுக்கு பிரேக் வேணும்னு இருக்கு, நம்ம ஹோண்டா சிஆர்-வி கார் 3,500 பவுண்டு தான, அப்புறம் எதுக்கு ஆயிரம் டாலருக்கு மேல குடுத்து அதுக்கு தனியா ஒரு பிரேக்குன்னு அண்ணா கேக்கறார்னு எழுதியிருந்தே. அண்ணா சொன்ன நம்பர் சரி தான். ஆனா அது ட்ரெய்லருக்கு எழுதின சட்டம், நாலு சக்கரமும் தரையில உருள இழுக்குற கார அது எப்படிப் பாக்குதுன்னு ஆளுக்கொன்னு சொல்வாங்க, தவிர நிறைய ஸ்டேட்டுல அந்தக் கோடு 3,000 பவுண்டுலயே வந்துடும். நீங்க என்ன ஆஸ்டினச் சுத்தி சுத்தியா வரப்போறீங்க, ஸ்டேட் லைன் தாண்டுற இடத்துல எல்லாம் வண்டிய நிறுத்தி கணக்கு பார்ப்பீங்களா?

சட்டத்த விடு, உங்க வண்டிக்கு அடியில இருக்கிற சேஸி என்ன சொல்லுதுன்னு பாரு. உங்களோடது ஃபோர்டு எஃப்-53, 22,000 பவுண்டு சேஸின்னு சொன்னே. அந்த 22,000 மோட்டார்ஹோமோட சுமை அளவு மட்டும், காரையும் சேர்த்தா மொத்தம் 26,000. இந்த ரெண்டு நம்பரையும் பாத்துட்டு நடுவுல நாலாயிரம் இருக்கே, சிஆர்-வி தாராளமா அடங்கிடுதேன்னு தான் எல்லாரும் சந்தோஷப்படறோம், நாங்களும் பட்டோம். ஆனா 26,000ங்கிறது இன்ஜினும் கியரும் இழுக்குற கணக்கு. பிரேக் 22,000க்கு தான்னு ஃபோர்டே அவங்க டோயிங் கைடுல போட்டிருக்கான், 1,500 பவுண்டுக்கு மேல எத இழுத்தாலும் அதுக்கு தனி பிரேக் வேணும்னும் அதுலயே இருக்கு. உன் கார் மோட்டார்ஹோமோட எடையில ஆறுல ஒரு பங்கு வருது. சும்மா சமதரையில போறப்ப ஒண்ணும் தெரியாது, முன்னாடி ஒருத்தன் சடார்னு நிறுத்தறப்ப அந்த ஆறுல ஒரு பங்கு முதுகுல கை வச்சு தள்ளும் பாரு, அப்ப தெரியும். இன்னொன்னு, டோ பார் பிச்சிகிட்டு கார் தனியா போச்சுன்னா அத நிறுத்தறதுக்கு பிரேக்அவேன்னு ஒரு கேபிள் இருக்கு, பின் உருவினதும் கார் தானா பிரேக் போட்டுக்கும். காருல இந்தத் தனி பிரேக் சிஸ்டமே இல்லன்னா அந்தக் கேபிள் எதப் போய் இழுக்கும்? இத மட்டும் அண்ணாகிட்ட சொல்லு, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

இப்ப நாங்க பட்ட கதை. முதல்ல நாங்க வாங்கினது பெட்டி டைப். டிரைவர் சீட்டுக்கு முன்னாடி தரையில வச்சு, அதோட கைய பிரேக் பெடல்ல கிளாம்ப் பண்ணி, சீட்ட முன்னாடி தள்ளி முட்டுக் குடுத்துட்டு, சிகரெட் லைட்டர் சாக்கெட்ல சொருகிட்டா வேலை முடிஞ்சுது. உள்ள ஒரு சென்சார், வேகம் சட்டுனு குறையறது தெரிஞ்சா பெட்டி பெடல மிதிக்கும். எவ்ளோ குறைஞ்சா மிதிக்கணும்னு நாமளே வச்சுக்கலாம். சமதரையில நல்லா பிடிக்குதேன்னு நாங்க அந்த சென்சிடிவிட்டிய அதிகமாவே, கொஞ்சம் வேகம் குறைஞ்சாலே மிதிக்கற மாதிரி வச்சிருந்தோம்.

லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து வடக்க வர்றப்ப ஐ-5ல டேஹோன் பாஸ் தாண்டி இறங்கற இடம், கிரேப்வைன்னு சொல்வாங்க. ஆறு பர்சென்ட் சரிவு, மைல் கணக்கா இறக்கம், பிரேக் போன லாரிங்க ஏறி நிக்கறதுக்கு ஓரத்துல மண்பாதையே போட்டு வச்சிருக்காங்க. இவர் பிரேக்க தொடாம கியராலயே வேகத்தப் பிடிக்கற டோ ஹால் மோடுல போட்டு, நாப்பது நாப்பத்தஞ்சுல இறக்கிட்டு வர்றார், நானும் மனசுக்குள்ள ஷபாஷ்னு சொல்லிகிட்டு உக்காந்திருக்கேன். டேஷ்போர்டுல அந்தப் பெட்டியோட ரிமோட் ஒட்டி வச்சிருந்தோம், கார்ல பிரேக் விழறப்ப அதுல சிவப்பு லைட் எரியும். அது எரியுது, அணையுது, எரியுது, அணையுது. ஏதோ வேலை செய்யுதுன்னு பார்த்துகிட்டே வர்றேன். பாதி இறக்கத்துல யதேச்சையா கீழ குனிஞ்சா இவர் கால் பெடல் பக்கத்துலயே இல்ல, ஹாயா தரையில கிடக்கு. என்னங்க, நீங்க பிரேக் போடலியா? இல்லியே. அப்ப பின்னாடி யார் போடறா?

ஆயிடுச்சு, அடிவாரத்துல எக்ஸிட் எடுத்து நிறுத்தி இறங்கினா தகரம் கருகின மாதிரி ஒரு நாத்தம், முன் சக்கரத்துல இருந்து மெலிசா புகை. கிட்டப் போனா முகத்துல அனல் அடிக்குது. இவர் தண்ணி பாட்டில எடுத்துட்டு ஓடி வர்றார், ஊத்தாதீங்க டிஸ்க் கோணிக்கும்னு நான் கத்த, ஒரு மணி நேரம் கிட்ட அங்கயே நின்னோம். நாங்க இழுத்துட்டு வந்த ஜீப் ராங்லருக்கு முன் சக்கரத்து டிஸ்க், பேட் எல்லாம் மாத்த வேண்டியதாப் போச்சு. நடந்தது இவ்ளோ தான், கியர் வண்டிய இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, இவர் தான் பிரேக் போடறார்னு நெனச்சு பெட்டி மலை முழுக்க மிதிச்சிகிட்டே வந்திருக்கு. அது மேல தப்பே இல்ல, அதுக்கு சொல்லிக் குடுத்தத அது செஞ்சுது.

அதனால விலை, எடை, கம்பெனி பேரு எல்லாம் பாக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேளுடி, இந்தச் சாமான் யார் பேச்சக் கேட்டு பிரேக் போடுது? என் காலப் பாத்தா, பிரேக் லைட்டப் பாத்தா, இல்ல வண்டி குலுங்கறதப் பாத்தா?

கால் பேச்சக் கேக்கறதுல ஒஸ்தி ஏர் பிரேக் லைன்ல இருந்து சிக்னல் எடுக்கறது, ஏர் ஃபோர்ஸ் ஒன்னுன்னு ஒரு பிரேக் சிஸ்டம் விக்கறாங்களே, அது மாதிரி. நீ எவ்ளோ மிதிக்கறியோ அதே அளவு காரும் மிதிக்கும், இன்ஜினாலயே வேகத்தக் குறைக்கற எக்ஸாஸ்ட் பிரேக் போட்டா கண்டுக்கவே கண்டுக்காது. ஆனா அது டீசல் புஷர், அதான் பின்னாடி டீசல் இன்ஜின் இருக்கிற மோட்டார்ஹோம், வச்சிருக்கறவங்களுக்கு, உங்க பெட்ரோல் வண்டில ஹைட்ராலிக் பிரேக், அதுல காத்து லைனே கிடையாது, அதனால யாராவது அத ஆஹா ஓஹோன்னு சொன்னா தலையாட்டிட்டு வந்துடு. லைட்ட மட்டும் பாத்து வேலை செய்யறதும் இருக்கு, சீட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்கலாம், பார்வைக்கு இருக்கிறதே தெரியாது. டோ பாருக்குள்ளயே வேலை முடிஞ்சுடற டைப்பும் இருக்கு, ரெடிப்ரூட்னு பேரு, கார் முன்னாடி தள்ளற தள்ளல் ஒரு கேபிள இழுத்து பெடல அமுக்கும், ஒயரு, பேட்டரி, எலக்ட்ரானிக்ஸ் ஒண்ணும் கிடையாது. எனக்கு அந்த எளிமை பிடிக்கும், ஆனா இறக்கத்துல கியர் பிடிக்கறப்பவும் கார் தள்ளத்தானே செய்யும், கிரேப்வைனுக்கு அப்புறம் எனக்கு அந்த தைரியம் வரல.

நாங்க மாறினது ஸ்டே இன் ப்ளே டுவோங்கிறதுக்கு. பானெட்டுக்குள்ள நிரந்தரமா மாட்டிடறது. மோட்டார்ஹோமோட பிரேக் லைட்டும் எரியணும், வேகமும் குறையணும், ரெண்டும் சேர்ந்தா தான் அது வாயத் திறக்கும். லைட் எரியாம கியர்ல மட்டும் இறங்கினா சும்மா வரும், காலத் தூக்கி லேசா பெடல் மேல வச்சிருந்தாலும் சும்மா வரும். போன தடவ அதே கிரேப்வைன்ல நான் ரோட்டப் பாக்கவே இல்ல, கார்ல பிரேக் விழுந்தா டேஷ்போர்டுல எரியற லைட்டையே பாத்துகிட்டு வந்தேன். இவர் நிஜமாவே மிதிச்சப்ப மட்டும் எரிஞ்சுது.

டுவோ பிடிச்சதுக்கு இன்னொரு காரணம் பூஸ்டர், நம்ம கால் பலத்த வேக்யூமால கூட்டிக் குடுக்கற சாமான். கார் இன்ஜின் ஆஃப்ல இருந்தா பிரேக் பூஸ்டர்ல மிச்சம் இருக்கிற வேக்யூம் ரெண்டு மூணு மிதிக்குத்தான், அப்புறம் பெடல் கட்டை மாதிரி ஆயிடும். டுவோ தானே வேக்யூம் குடுக்கறதால பெடல் எப்பவும் போல மெத்துனு இருக்கும், லேசா அமுக்கினா போதும். பெட்டி அப்படி இல்ல, கட்டைப் பெடல பலமா அமுக்கறதுக்கு செட் பண்ணது. இங்க தான் நீ ஜாக்கிரதையா இருக்கணும், ஏன்னா உன் 2014 சிஆர்-விய கட்டறதுக்கு முன்னாடி இன்ஜின ஓட விட்டு, டி-ல போட்டு, அப்புறம் நியூட்ரலுக்கு கொண்டு வந்து, மூணு நிமிஷம் அப்படியே ஓட விட்டுத்தான் ஆஃப் பண்ணணும், மேனுவல்ல இருக்கு. அந்த மூணு நிமிஷத்துல பூஸ்டர் ஃபுல்லா வேக்யூம் ஏத்தி வச்சிருக்கும். அப்படியே பெட்டிய வச்சிட்டு கிளம்பினா முதல் சிக்னல்லயே அது கட்டைப் பெடல்னு நெனச்சு ஓங்கி மிதிக்கும், சக்கரம் லாக் ஆகி டயர் தேயும். பெட்டி வாங்கினேன்னா இன்ஜின ஆஃப் பண்ணிட்டு நாலஞ்சு தடவ பெடல மிதிச்சு, கால் உள்ள போகாம நிக்குதான்னு பாத்துட்டுத்தான் வைக்கணும், தினமும், மறக்காம. (நல்ல வேளை 2014 வாங்கினே. அதுக்கு அடுத்த வருஷத்துல இருந்து கியர்பாக்ஸ மாத்திட்டான், இப்படி இழுக்கவே முடியாது.)

பேட்டரி கொஞ்சம் தொல்லை தான். சாவி ஆக்சசரில இருக்கும், பெட்டியும் கரண்ட் குடிக்கும், ராத்திரி கேம்ப்கிரவுண்ட்ல கழட்டி ஸ்டார்ட் பண்ணா டிக் டிக்னு மட்டும் சத்தம் வரும். மோட்டார்ஹோம்ல இருந்து ஒரு சார்ஜ் லைன் இழுத்துடச் சொல்லு, ஒயரிங் போடறப்பவே சொன்னா சின்ன வேலை. அதே ஆள்கிட்ட, பெடல் அமுங்கறப்ப காரோட சொந்த பிரேக் லைட்டும் மோட்டார்ஹோம்ல இருந்து வர்ற இண்டிகேட்டரும் மோதிக்காம இருக்கான்னும் கேட்டுடு. எங்களுக்கு முதல் ட்ரிப்ல வலது பக்கம் இண்டிகேட்டர் போட்டா பின்னாடி வர்றவனுக்கு வெறும் பிரேக் லைட்டா தெரிஞ்சிருக்கு, ஒருத்தன் ஹார்ன் அடிச்சே சொல்லிட்டுப் போனான்.

உனக்கு என்ன சொல்றதுன்னா, அந்த சிஆர்-வியவே இன்னும் அஞ்சாறு வருஷம் வச்சிருக்கிறதா இருந்தா நிரந்தரமா மாட்டறதையே போடு, டுவோ மாதிரி. மாட்டற கூலி தனியா வரும், வலிக்கத்தான் செய்யும். ரெண்டு வருஷத்துல கார மாத்திடுவோம்னா பெட்டி பரவாயில்ல, அத எடுத்து அடுத்த காருல வச்சுக்கலாம், ஆனா சென்சிடிவிட்டிய பாதி ரேஞ்சுல வச்சிட்டு, மலைக்குப் போறதுக்கு முன்னாடி இன்னும் குறைச்சிடு. அடுத்த கார் ஹைப்ரிட்டுன்னா மட்டும் அவசரப்பட்டு பெட்டி வாங்காத, சிலதுல இன்ஜின் ஆஃப்ல இருந்தாலும் பிரேக்குல பவர் இருக்கும், அதுக்கு ஏத்த செட்டிங் உள்ளதா கேட்டுத்தான் வாங்கணும். அப்புறம் மழையில, ஈரத் தரையில முட்டி போட்டு அந்தப் பெட்டிய காலையில வச்சு சாயங்காலம் எடுக்கப் போறது நீயா அண்ணாவான்னும் இப்பவே பேசி முடிவு பண்ணிக்கோங்க. நான் பேசல, அனுபவிக்கறேன்.

சுமதி போன் பண்ணினா, அவ பையனுக்கு கல்யாணம் நிச்சயமாயிருக்கு, உன் நம்பர் தொலைஞ்சு போச்சுன்னு திட்டினா, குடுத்திருக்கேன். ஞாயித்துக்கிழமை கூப்பிடுவா, ஒரு மணி நேரம் ஒதுக்கி வை.

டோ பார் வாங்கிட்டியான்னு எழுதவே இல்ல. வாங்கறதுக்கு முன்னாடி டேப் எடுத்து ரெண்டு அளவு பாரு, மோட்டார்ஹோம் பின்னாடி டோ பார் சொருகற ஹிட்ச் ரிசீவரோட நடு தரையில இருந்து எத்தன இன்ச், சிஆர்-வில டோ பார மாட்டற பேஸ் பிளேட் வர்ற இடம் எத்தன இன்ச். டோ பார் கிட்டத்தட்ட மட்டமா இருக்கணும், மூணு இன்ச்சுக்கு மேல வித்தியாசம்னா நடுவுல உயரத்த சரிக்கட்டற ஒரு டிராப் ரிசீவர் வேணும், பிரேக் அடிக்கறப்ப கார் அடியில பூந்துடக் கூடாதில்ல. தண்ணி டேங்க்க நிரப்பிட்டு அள, காலியா இருந்தா வண்டி தூக்கிகிட்டு நிக்கும். ரெண்டு நம்பரையும் அனுப்பு, எங்க ஷெட்டுல ஒரு பழைய டிராப் ரிசீவர் சும்மா கிடக்கு, சரியா வந்தா நாங்க அந்தப் பக்கம் வர்றப்ப எடுத்துட்டு வரேன்.

அன்புடன்
பானு