பியானோவில் தனி பாணி

ஆசிரியருக்கு வணக்கம்.

பியானோ கலைஞரின் தனி பாணி பிறவி வரம் என்ற பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. அதில் பாதிகூட உண்மையில்லை. கட்டையை அழுத்தி, பியானோவுக்குள் இருக்கும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டால், பிறகு விரலை எப்படி அசைத்தாலும் அந்த ஒலியின் நிறம் மாறாது. வாசிப்பவர் கையில் இருப்பவை வேகம், ஓசை அளவு, ஸ்வரத்தை எப்போது விடுவது, பெடல் ஆகியவைதான். நான்கு ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் கார்டில் (chord) மேல் ஸ்வரத்துக்குப் பதிலாக நடு ஸ்வரத்தைச் சற்று அழுத்திப் பாருங்கள்; அதே இசை வேறு முகம் காட்டும்.

பலர் சறுக்குவது பிடித்த ஒலிப்பதிவை நகலெடுப்பதில். கார்டு எங்கே மாறுகிறது என்று பாராமல், வரி முடியும் இடத்திலெல்லாம் வேகத்தைக் குறைத்து இழுப்பார்கள். நாலு வரியில் அது சலித்துவிடும். எட்டு பார் (தாளத்தின் ஒரு சுற்று ஒரு பார்) மட்டும் எடுத்து, ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம் என மூன்று விதமாகப் பதிவு செய்து, மறுநாள் கேட்பது நல்லது. அன்றே கேட்டால் காது தன் விருப்பத்தையே கேட்கும்.

கனடா பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955இல் சுமார் 38 நிமிட நீளத்தில் பதிவு செய்த, இசையமைப்பாளர் பாகின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் என்ற படைப்பை, 1981இல் சுமார் 51 நிமிடங்களுக்கு வாசித்தார். சில பகுதிகளைத் திரும்ப வாசித்ததும் அந்த நீளத்துக்கு ஒரு காரணம். ஆனால் அதன் தொடக்க மெட்டான ஆரியாவின் நிதானத்தைக் கேட்டால், அது மட்டுமே காரணமல்ல என்பது புரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்