குவாங்சோவுக்குக் கிளம்பும் மகளுக்கு

திருப்பூர்

அன்புள்ள கண்ணு,

டிக்கெட் போட்டாச்சு என்று நீ சொன்னதிலிருந்து அம்மா பருப்புப்பொடிக்கு வறுக்கத் தொடங்கிவிட்டாள். நான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

சீனாவில் குவாங்சோவில் நடக்கும் பெரிய வணிகக் கண்காட்சிதான் கேன்டன் ஃபேர், 1957-இலிருந்து நடக்கிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒவ்வொன்றும் மூன்று கட்டம். நம்ம துணி, உடுப்புச் சங்கதி மூன்றாம் கட்டம்தான், அக்டோபர் 31 முதல் நவம்பர் 4 வரை. தேதி பார்க்காமல் முதல் கட்டத்துக்குப் போய், மோட்டாரையும் மெஷினையும் வேடிக்கை பார்த்துவிட்டு வந்தவர்கள் நம்ம ஊரிலேயே உண்டு. ஃபேர் நடக்கும் பாசோ பகுதிக்கு மெட்ரோ 8-ஆம் லைன். அதே லைனில் ஜோங்தா என்று ஒரு ஸ்டேஷன் வரும். அங்கே இறங்கினால் துணிச்சந்தை. ஜிப், பட்டன், எலாஸ்டிக்குக்கு நான் ஃபேரைவிட அந்தச் சந்தையைத்தான் நம்புவேன். பழகின செருப்பைப் போட்டுக்கொண்டு போ.

சந்தையில் கால்குலேட்டரை நீட்டி விலை பேசுவார்கள். சில பேர் விரலைக் காட்டுவார்கள், அங்கேதான் ஜாக்கிரதை. கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் நீட்டினால் இரண்டு இல்லை, எட்டு. முதல் தடவை நான் இரண்டு யுவான் என்று நினைத்து உள்ளுக்குள் குதித்தேன். பில் போட்ட பிறகு கடைக்கார அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் என்றால் ஆறு.

இனி உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. 2013-இல் நம்ம கணக்கில் ஒரு பள்ளம் விழுந்ததே, "நம்மிடம் சரக்கு வாங்குகிற பையர் ஏமாற்றிவிட்டான்" என்று வீட்டில் சொன்னேன். பையர் இல்லை, நான்தான் ஏமாந்தேன். ஜிப் விற்கும் ஒரு சீனக் கம்பெனியில் 30 சதவீத அட்வான்ஸ் கேட்டார்கள். அது அங்கே வழக்கம்தான். லெட்டர்ஹெட் அழகான ஆங்கிலத்தில் இருந்தது. வங்கிக் கணக்கு மட்டும் ஒரு ஆள் பேரில். கேட்டதற்கு, முதலாளி கணக்குதான், வரி மிச்சம் என்றார்கள். அனுப்பினேன். சரக்கு வரவேயில்லை. பிறகு சீனம் தெரிந்த ஒரு ஏஜெண்டிடம் அந்தத் தாளைக் கொண்டுபோனேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "இதில் சீனப் பேர் எங்கே?"

அங்கே கம்பெனி பதிவாவது சீன எழுத்தில் மட்டும்தான். ஆங்கிலப் பேர் அவர்களாக வைத்துக்கொள்வது, நாளைக்கே மாற்றிவிடலாம். அதனால் கம்பெனியின் தொழில் லைசென்ஸ் நகலைக் கேட்டு வாங்கு. அதில் 18 இலக்கப் பதிவு எண் இருக்கும், நடுவில் ஆங்கில எழுத்தும் வரலாம். ஒப்பந்தத்தில் கையெழுத்தைவிட முத்திரைதான் பெரிசு. சிவப்பாக, வட்டமாக, நடுவில் நட்சத்திரம், சுற்றி வளைவாகக் கம்பெனிப் பேர். லைசென்ஸில் உள்ள எழுத்தும் முத்திரையில் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்று பார். படிக்கத் தெரிய வேண்டியதில்லை, கோலத்தோடு கோலம் ஒப்பிடுகிற மாதிரிதான். பணம் கம்பெனி பேரில் உள்ள கணக்குக்கு மட்டும். ஹாங்காங் கணக்கு என்றால், இரண்டு கம்பெனிக்கும் என்ன உறவு என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுக்கச் சொல். "கணக்கு எண் மாறிவிட்டது" என்று மெயில் வந்தால் நேரில் பார்த்த ஆளுக்குப் போன் போட்டுக் கேட்காமல் ஒரு பைசா அனுப்பாதே.

டாக்ஸிக்கும் அதே கதைதான். ஓட்டல் பேரை ஆங்கிலத்தில் சொன்னால் டிரைவருக்குப் புரியாது. ரிசப்ஷனில் சீனத்தில் அச்சடித்த கார்டு இரண்டு வாங்கி, ஒன்றைக் கைப்பையில் வை.

அலிபே, வீசாட் என்று பணம் கட்டுகிற ஆப் இரண்டையும் போனில் இங்கேயே போட்டு, கார்டை இணைத்துவிடு. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைக்க மறக்காதே. இளநீர்க்காரரிடம்கூட கியூஆர்தான். ஆனாலும் கொஞ்சம் யுவான் நோட்டு வைத்துக்கொள். ஓட்டல் வைஃபையில் வாட்ஸ்அப்பும் கூகுளும் ஓடாது. நம்ம சிம்மின் ரோமிங்கில் ஓடும்.

சாப்பாடுதான் எனக்குக் கவலை. கீரைதானே என்று கேட்டால் சிப்பி சாஸ் ஊற்றிக் கொண்டுவருவார்கள். சில இடத்தில் கீரைக்கு நடுவே பன்றிக்கறித் தூள் இருக்கும். அதை அவர்கள் கறியாகவே எண்ணுவதில்லை. "கறி, மீன், சிப்பி சாஸ், கறி வேகவைத்த தண்ணீர் எதுவும் வேண்டாம்" என்று சீனத்தில் எழுதி போனில் வைத்துக்கொண்டு காட்டு. கோயில்களைச் சுற்றிச் சைவக் கடை கிடைக்கும். விருந்தில் மது ஊற்றினால் முதல் கோப்பையிலேயே வேண்டாம் என்றுவிடு. பாதியில் மறுத்தால்தான் மனத்தாங்கல். யாராவது உனக்குத் தேநீர் ஊற்றினால் இரண்டு விரலால் மேசையைத் தட்டு. அந்த ஊரில் அதுதான் நன்றி.

அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலையில் எழுந்ததும் கூப்பிட்டால் அம்மா தூக்கத்தில் இருப்பாள், என்னைக் கூப்பிடு. முத்திரை போட்ட தாள் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. 2013-இல் வாங்கிய தாளும் என்னிடம் இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

அப்பா