மேட்ட இடிக்க வேணாம், ஒரு மணி கட்டுனா போதும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் ஸ்ரீராமபுரம். 1994லேந்து இங்க பெங்களூருல ஒரு கோல்ஃப் கோர்ஸ்ல கேடி வேல பாக்கறேன். ஆடறவங்க பேக்க தூக்கிட்டு கூடவே நடந்து, எந்த ஸ்டிக் எடுக்கணும் எந்தப் பக்கம் அடிக்கணும்னு சொல்றவன் தான் கேடி, தமிழ்ல இந்த வார்த்தைக்கு வேற ஒரு அர்த்தம் இருக்கறதால யார்கிட்ட சொன்னாலும் இதையும் சேத்தே சொல்ல வேண்டியிருக்கு. உங்க பேப்பர்ல கிரிக்கெட்டுக்கு முழுப் பக்கம் வருது, கோல்ஃப் எப்பவாவது ஒரு மூலைல. ஆனா எங்க கோர்ஸ்ல பேக் தூக்கறவங்க, புல்லு வெட்டறவங்க, களை எடுக்கறவங்க பாதிப் பேர் நம்ம ஜனங்க, அதனால இது நம்ம பேப்பர்ல வர வேண்டிய விஷயம்னு நெனச்சு எழுதறேன். கோர்ஸ் பேரு வேணாம்.

எங்க ஆறாவது ஹோல இடிக்கப் போறாங்க, ஹோல்னா மொத ஷாட் அடிக்கற டீலேந்து, கொடி நட்ட குழி இருக்கற ஒட்ட வெட்டின புல் தரை, அதாவது க்ரீன் வரைக்கும் உள்ள ஆட்டப் பாதை. பார் 4, அதாவது நாலு ஷாட்ல முடிக்க வேண்டியது, 370 யார்ட். டீல நின்னா எதிர்ல ஒரு மேடு மட்டும் தான், க்ரீனும் தெரியாது கொடியும் தெரியாது, மேட்டு மேல வெள்ள பெயிண்ட் அடிச்ச ஒரு கம்பம் நிக்கும், அந்தக் கம்பத்துக்கு கொஞ்சம் எடது பக்கமா அடிச்சா பந்து அந்தப் பக்க சரிவுல எறங்கி தானா நடுவுக்கு வந்துடும், கம்பத்துக்கு நேரா அடிச்சா வலது பக்கம் ரஃப்ல, அதாவது ஒசரமா வளந்த புல்லுல போய் மாட்டிக்கும். புதுசா வர்றவங்களுக்கு இதுவே கோவம். க்ரீனுக்கு வந்தா இன்னும் கோவம், ஏன்னா மத்த க்ரீனெல்லாம் பின்னாடி ஒசந்து ஆடறவன பாத்து சாஞ்சிருக்கும், இது முன்னாடி ஒசந்து பின்னாடி சாயுது. கொடிகிட்ட ஒசரமா தூக்கி அடிச்சா நிக்காது, உருண்டு பின் பள்ளத்துக்கு போயிடும். 'எவன்யா இத கட்டுனது'ன்னு எத்தன தடவ கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல. இப்ப கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க, மேட்ட ஜேசிபி வச்சு எறக்கி, அந்த மண்ண க்ரீனோட பின் பக்கம் கொட்டி ஏத்தி, டீலேந்தே கொடி தெரியற மாதிரி 'சரி' பண்றாங்களாம். மழைக்கு முன்னாடி வேல ஆரம்பம்.

ஐயா, அது தப்பான ஹோல் இல்ல.

ஒரு பெரிய மெம்பர் இருந்தாரு, எழுபது தாண்டினவர், அவருக்கு நான் பதினோரு வருஷம் பேக் தூக்கினேன். மேட்டத் தாண்டி எறங்குனா க்ரீனுக்கு 150 யார்ட் இருக்கும், மத்தவங்க செவன் ஐயன் ஸ்டிக் எடுத்து மேல தூக்குவாங்க, அவரு ஃபைவ் ஐயன் எடுத்து பாதி ஸ்விங்ல தாழ்வா அடிப்பாரு, பந்து க்ரீனுக்கு 20 யார்ட் முன்னாடியே விழும், ரெண்டு குதி குதிச்சு முன் விளிம்புல ஏறும்போது நின்னுடும் போல இருக்கும், அப்புறம் மெல்ல அந்தப் பக்கம் கவுந்து கொடிய பாத்து எறங்கும். அது எறங்கி முடியற வரைக்கும் ஸ்டிக்க என் கைல குடுக்க மாட்டாரு, கெட்டியா புடிச்சிட்டு அப்படியே நிப்பாரு. அவருக்கு அந்த வயசுல பந்த ஒசரமா தூக்கற பலம் இல்ல, ஆனா அந்த ஒரு ஹோல்ல இருவத்தஞ்சு வயசுப் பசங்கள விட கம்மியா முடிப்பாரு.

அவரு தான் ஸ்காட்லாந்து போயிட்டு வந்து நார்த் பெர்விக்னு ஒரு கோர்ஸ் படம் காட்டினாரு. அங்க 15வது ஹோல் பேரு ரெடான், பார் 3, அந்த க்ரீனும் இதே மாதிரி ஆடறவன விட்டு வெலகி பின்னாடி எடது பக்கமா சாயுது. கோல்ஃப்ல ரொம்ப அதிகமா காப்பி அடிச்ச ஹோல்ங்கள்ல அது ஒண்ணு, அமெரிக்கால பழைய கோர்ஸுங்க எத்தனையோல ரெடான்னே பேரு வச்சு ஒரு ஹோல் இருக்கு. அதே நார்த் பெர்விக்ல 13வது ஹோல்ல க்ரீனுக்கு முன்னாடி குறுக்கால ஒரு கல்லுச் சுவரு, அதத் தாண்டி தான் அடிக்கணும். யாரும் இடிக்கல.

அதுலேந்து ராத்திரில ஃபோன்ல தேடித் தேடி பாக்க ஆரம்பிச்சேன். அயர்லாந்துல லஹின்ச்னு ஒரு கோர்ஸ், அடுத்தடுத்து ரெண்டு ஹோல் கண்ண கட்டி விட்ட மாதிரி. நாலாவது க்ளோண்டைக், ரெண்டாவது ஷாட்ட பெரிய மணல் மேட்டுக்கு மேலயே அடிக்கணும், மேட்டு மேல ஒரு ஆள் நின்னு அடிக்கலாம் நில்லுன்னு காட்டுவாரு. அஞ்சாவது டெல், பார் 3, க்ரீன் மேடுங்களுக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கு, அன்னிக்கு கொடி எங்கயோ அதுக்கு நேரா மேட்டு மேல ஒரு வெள்ளக் கல்ல வைப்பாங்க, அந்தக் கல்லு தான் குறி. மேட்டு மேல நிக்கற அந்த ஆள பாத்ததும் எனக்கு நெஞ்சு அடைச்சிடுச்சு, ஏன்னா எங்க ஆறாவது மேட்டுல ஃபோர்கேடியா, அதாவது அந்த ஆள் மாதிரி அடிக்கலாம் நில்லுன்னு காட்டறவனா, வெயில்லயும் மழைலயும் பத்து வருஷம் அப்படி நின்னது நான் தான். அங்க அந்த ஆள படம் எடுத்துட்டு போறாங்க, இங்க மேடே தப்புன்றாங்க.

ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் 17வது ஹோல் கத தெரிஞ்சிருக்கும். டீ ஷாட்ட ஹோட்டல் ஓரமா இருக்கற ஷெட்டு மேலயே அடிக்கணும், க்ரீனுக்கு பின்னாடி ஒட்டுனாப்புல ரோடு, அதுக்கு அப்பால சுவரு, முன்னாடி ஆழமான ஒரு பங்கர், அதாவது மணல் குழி. 1978 ஓப்பன் போட்டில ஜப்பான் ஆட்டக்காரர் டாமி நகாஜிமா ரெண்டாவது ஷாட்டுலயே க்ரீன்ல போட்டுட்டாரு, அப்புறம் பட் பண்ணப்ப, அதாவது கொடிக் குழிய பாத்து மெல்ல உருட்டி விட்டப்ப, பந்து உருண்டு அந்த பங்கர்ல விழுந்து, வெளிய வர நாலு ஷாட், கடைசில அந்த ஒரு ஹோலுக்கு 9 ஷாட். அந்த பங்கர மூடல. ஷெட்டு கத இன்னும் பெருசு, ரயில்வே காலத்து ஷெட்டு போயிடுச்சு, ஆனா அது இல்லாம அந்த ஹோல் அந்த ஹோலா இல்லன்னு அதே மாதிரி ஒண்ண திரும்ப கட்டி வச்சிருக்காங்க. லாஸ் ஏஞ்சலஸ் ரிவியேரா கோர்ஸ்ல ஆறாவது க்ரீனோட நடுவுலயே பங்கர், அதுவும் அப்படியே இருக்கு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வர்றேன். 2004 யூஎஸ் ஓப்பன் போட்டி, அமெரிக்கால ஷின்னகாக் ஹில்ஸ்னு ஒரு கோர்ஸ், ஏழாவது ஹோல், அதுவும் ரெடான் தான். கடைசி நாள் காலைல க்ரீன் காஞ்சு தரை மாதிரி ஆயிடுச்சு, தொட்டா போதும் பந்து க்ரீன விட்டே ஓடுது, வேற வழி இல்லாம ரெண்டு குரூப்புக்கு நடுவுல தண்ணி தெளிச்சாங்க. சாய்வு எப்பவும் இருந்த அதே சாய்வு. தப்பு தண்ணில, புல்லுல.

எங்க ஆறாவதுலயும் இதே தான் நடந்துச்சு. ஸ்டிம்ப்மீட்டர்னு ஒரு அலுமினியப் பட்டை இருக்கு, நடுவுல காடி வெட்டினது, அதுல பந்த வச்சு ஒரு முனைய தூக்குனா உருண்டு எத்தன அடி ஓடுதோ அது தான் க்ரீனோட வேகம். நான் சேந்த காலத்துல எங்க க்ரீன் 7, 8 அடி தான் ஓடும், அந்த வேகத்துக்கு போட்ட சாய்வு அது. மூணு வருஷம் முன்ன புது மிஷின் வந்துச்சு, டிவில காட்டற மாதிரி வேகமா வேணும்னு புல்ல ஒட்ட வெட்டி 11க்கு கொண்டு வந்துட்டாங்க. போன மார்ச்ல ஒரு நாள் காலைல, யாரும் வர்றதுக்கு முன்னாடி, கொடிக்கு ஒரு அடி தள்ளி பந்த வச்சு விரல எடுத்தேன். நின்னுச்சு. காத்து கூட இல்ல. அப்புறம் தானா அசஞ்சு, மெதுவா, பின்னாடி பள்ளம் வரைக்கும் போயிடுச்சு. அந்த க்ரீன்ல மட்டும் புல்ல ரெண்டு நூல் ஒசரமா விட்டா போதும், ஜேசிபி எதுக்கு?

மேட்டுல ஆபத்து இருக்கு, அத நான் மறைக்க மாட்டேன். செலவ கொறைக்கறோம்னு நாலு வருஷம் முன்ன ஃபோர்கேடி ஆள எடுத்துட்டாங்க, அதுக்கடுத்த வருஷமே மேட்டுக்கு அந்தப் பக்கம் களை எடுத்துட்டு இருந்த அக்காவுக்கு தோள்பட்டைல பந்து அடிச்சு, ஒன்றர மாசம் கையத் தூக்க முடியல அவங்களால. பந்து வருது பாத்துக்கன்னு 'ஃபோர்'னு கத்துனது மேட்டத் தாண்டி அவங்க காதுல விழல. இடிக்கணும்னு சொல்றவங்க இதத் தான் மொதல்ல சொல்றாங்க, அந்த அக்காவ பாத்தவன் நான், அதனால அத லேசா எடுத்துக்கல. ஆனா ஆள் நின்ன வரைக்கும் ஒரு தடவ கூட இப்படி ஆனதில்ல. ஸ்காட்லாந்துல ப்ரெஸ்ட்விக்னு ஒரு கோர்ஸ், 1860ல மொத ஓப்பன் நடந்ததே அங்க தான், அங்க 17வது ஹோல் ஆல்ப்ஸ், ரெண்டாவது ஷாட்டு ஒரு குன்றுக்கு மேல, அந்தப் பக்கம் சஹாரான்னு ஒரு பெரிய பங்கர் ஒளிஞ்சிருக்கு. ஆடி முடிச்சவங்க ஒரு மணிய அடிச்சுட்டு போவாங்க, அந்தச் சத்தம் கேட்டா தான் பின்னாடி இருக்கறவங்க அடிப்பாங்க. அவ்ளோ தான்.

நெஜமாவே தப்பான ஹோல் வேணும்னா எங்க பதினாலாவது இருக்கு. நல்லா நீளமா, நேரா, நடு ஃபேர்வேல, அதாவது வெட்டி வச்ச புல் பாதை நடுவுல அடிச்சவன் பந்து உருண்டு மழைத் தண்ணி ஓடற வாய்க்கால்ல விழும், சுமாரா அடிச்சவன் பந்து முன்னாடியே நின்னு தப்பிச்சுக்கும். அங்க வாய்க்கால் இருக்கறது டீல நிக்கறவனுக்கு தெரியவும் தெரியாது, தெரிஞ்சுகிட்டாலும் தப்பிக்க வேற வழியும் கெடையாது. ஆறாவதுல ஒரு தடவ ஏமாந்தா அடுத்த தடவ எப்படி அடிக்கணும்னு புத்தி வரும், பதினாலுல நூறு தடவ ஆடுனாலும் ஒண்ணும் வராது. வாய்க்கால மூடி குழாய் போடுங்கன்னு கேடிங்க நாங்க வருஷா வருஷம் சொல்றோம், அதுக்கு பட்ஜெட் இல்லயாம்.

எங்கள யாரும் கேக்கலன்றது தான் மனசுக்கு கஷ்டமா இருக்கு. கேடியா இருந்து வந்த நம்ம பெங்களூரு சி. முனியப்பா 2009ல இந்தியன் ஓப்பனே ஜெயிச்சிருக்காரு, பேக் தூக்கறவனுக்கு ஒரு ஹோல் எப்படி வேல செய்யுதுன்னு தெரியாதுன்னு யாரும் நெனக்க வேணாம். வரைபடம் போட வந்த ஆர்க்கிடெக்ட் சார் ஆறாவது ஹோல்ல ஒரு மத்தியானம் தான் நின்னாரு.

ஆர்க்கிடெக்ட், கமிட்டி சாருங்க யாராவது உங்க பேப்பர் படிச்சா, வேல ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ எங்களோட ஆறாவது ஹோல்ல நடந்து வரணும்னு கேட்டுக்கறேன். மணிக்கு காசு நாங்களே போடறோம், இருவத்திரெண்டு பேர் ஒத்துகிட்டாங்க, சிக்பேட்டை பாத்திரக் கடைல பித்தள மணி வெல கூட விசாரிச்சு வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு கேடி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு