அரையாண்டு முடிவில் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. தேர்ச்சி போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறது, கபடியில் நம் பெண்கள் மாவட்டப் போட்டி வரை போய் வந்தார்கள், அறிவியல் கண்காட்சியிலும் பரிசு கிடைத்தது. எல்லாருக்கும் வாழ்த்துகள். மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போட்டுப் பள்ளி திறந்ததும் கொடுத்தனுப்புங்கள்.

சரி, இப்போது அந்தப் படம். பதினோராம் வகுப்புக்கு வரலாற்று ஆசிரியை ‘ஹோட்டல் ருவாண்டா’ படத்தைப் போட்டுக் காட்டியதிலிருந்து உங்களில் பலர் என்னை அழைத்துப் பேசினீர்கள், சிலர் கோபமாக, சிலர் கவலையோடு. மகள் அன்று இரவு தூங்கவில்லை என்று ஒரு அம்மா சொன்னார். பாடப் புத்தகத்திலேயே இல்லாததை, எங்கேயோ ஆப்பிரிக்காவில் நடந்த வெட்டுக்குத்தை, பிள்ளைகளுக்கு எதற்குக் காட்ட வேண்டும் என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1994 ஏப்ரல் 6 இரவு ருவாண்டா அதிபர் வந்த விமானத்தைத் தலைநகர் கிகாலியில் சுட்டு வீழ்த்தினார்கள். அதன்பின் சுமார் நூறு நாட்களில், அங்கே சிறுபான்மை இனமான டுட்சிகளும், பெரும்பான்மை இனமான ஹூட்டுகளில் இந்தக் கொலைகளுக்கு உடன்படாதவர்களுமாகச் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். கொன்ற ஹூட்டுகளில் ஏராளமானோர் சாதாரண ஊர்க்காரர்கள். செத்தவர்களும் கொன்றவர்களும் ஒரே மொழி பேசினார்கள், ஒரே தேவாலயத்துக்குப் போனார்கள். பெல்ஜியம் ஆண்டபோது, 1930களில், யார் எந்த இனம் என்று அடையாள அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அறுபது வருடம் கழித்துச் சாலையை மறித்து நின்றவர்கள் அட்டையில் இருந்த அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் யாரைக் கொல்வது என்று முடிவு செய்தார்கள். ஆர்டிஎல்எம் என்றொரு வானொலி, நல்ல பாட்டும் கிண்டலுமாகப் பேசி இளைஞர்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, டுட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது, கொலை ஆரம்பித்ததும் யார் எங்கே ஒளிந்திருக்கிறார் என்பதையும் அறிவித்தது. ஐ.நா. படை அங்கேயே இருந்தது. கொலை நடந்துகொண்டிருக்கும்போதே அதைச் சில நூறு பேராகக் குறைத்தார்கள். இதையெல்லாம் இரண்டு வருடத்தில் ஓட்டுப் போடப் போகும் பிள்ளை தெரிந்துகொள்ளத்தான் வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

படம் கொலைகளை நெருங்கிப் போய்க் காட்டுவதில்லை. பனிமூட்டத்தில் போகிற வண்டி குலுங்கும், கதவைத் திறந்து இறங்கிய பிறகுதான் சாலை முழுக்க உடல்கள் கிடப்பது தெரியும். அந்த இடத்தில் ஆசிரியை படத்தை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசியிருக்கிறார். தன் ஹோட்டலில் அடைக்கலம் கொடுத்துப் பலரைக் காப்பாற்றியவராக ஹோட்டல் மேலாளரைப் படம் காட்டும் விதத்தை அங்கே உயிர் பிழைத்தவர்களில் சிலரே மறுக்கிறார்கள் என்பதையும் சொன்னார். “ஆப்பிரிக்கா என்றாலே இப்படித்தானே மிஸ்” என்று ஒரு மாணவன் கேட்டதற்கு, அந்தக் கண்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன, அதே ருவாண்டாவில் இன்று அடையாள அட்டையில் இனம் கிடையாது, நாடாளுமன்றத்தில் பாதிக்கும் மேல் பெண்கள் என்று விளக்கியிருக்கிறார். வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். படத்துக்கு முன்பே டைரியில் குறிப்பு அனுப்பியிருந்தோம், வேண்டாம் என்று எழுதியவர்களின் பிள்ளைகள் நூலகத்தில் இருந்தார்கள்.

என்னை உண்மையில் வருத்துவது வேறு விஷயம். படம் ஓடும்போது இரண்டு மூன்று பேர் அந்தச் சாலைக் காட்சியை மட்டும் போனில் எடுத்து, பின்னால் ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து, ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறார்கள். அது சுற்றிச் சுற்றி ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரை போய்விட்டது. அவர்களுக்கு ருவாண்டாவும் தெரியாது, ஆசிரியை சொன்ன ஒரு வார்த்தையும் தெரியாது, வெறும் பிணங்களும் பாட்டும்தான். அவை நடிகர்களின் உடல்கள் என்றாலும் அங்கே அப்படிச் செத்தவர்கள் நிஜ மனிதர்கள். அம்மா அப்பாவை அதில் இழந்தவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், உங்கள் வயதில்.

பள்ளிக்குள் போன் கூடாது. இது ஏற்கெனவே உள்ள விதிதான், இனி தளர்த்த மாட்டேன். பிடிபடும் போன் என் அறையில் இருக்கும், பெற்றோர் நேரில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும், யார் சிபாரிசோடு வந்தாலும் சரி. அந்த வீடியோ உங்கள் போனில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். இன்னொன்று, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியையைப் பற்றியும் அவருடைய ஊரைப் பற்றியும் வந்த சில வரிகளைப் படித்தேன். குறை இருந்தால் என்னிடம் வாருங்கள். ஒருவரைக் குழுவில் வைத்து இப்படிப் பேசுவதை இந்தப் பள்ளி ஒருநாளும் ஏற்காது.

நீங்கள் எல்லோரும் அப்படி இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குழுவிலேயே “போதும், நிறுத்துங்கள்” என்று எழுதிய இரண்டு பேருக்கு என் நன்றி. மகனோடு உட்கார்ந்து முழுப் படத்தையும் மறுபடி பார்த்துவிட்டு என்னிடம் நிறையக் கேள்விகள் கேட்ட அப்பாவுக்கும் நன்றி. தூங்காத அந்தப் பிள்ளை மறுநாள் ஆசிரியையோடு பேசிவிட்டு, இப்போது நன்றாக இருக்கிறாள், கவலைப்பட வேண்டாம். பள்ளி திறந்து முதல் சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம் வைத்திருக்கிறோம், வரலாற்று ஆசிரியையும் இருப்பார், அவசியம் வாருங்கள். உங்கள் பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்