இந்த வருஷம் படித்ததில் தங்கியது

அன்பு மகளுக்கு,

இந்த வருஷம் எத்தனை புத்தகம் முடித்தேன் என்று கேட்டிருந்தாய். எண்ணி வைக்கவில்லை. எண்ணினாலும் உன்னிடம் தோற்றுத்தான் போவேன். எது தங்கியது என்று மட்டும் எழுதுகிறேன்.

வருஷத்தில் பாதியை உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ எடுத்துக்கொண்டது. இதுவரை அங்கங்கே புரட்டியிருக்கிறேனே தவிர, வரிசையாகப் படித்ததில்லை. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்து, 1942-இல் அவர் காலமானதோடு பாதியில் நின்றுபோனது. தொடராக வந்ததாலோ என்னவோ, ஒவ்வொரு அத்தியாயமும் அளவாக இருக்கிறது. ராத்திரி இரண்டு படித்துவிட்டு நிம்மதியாக விளக்கை அணைக்கலாம்.

ஒரே ஒரு இடத்தில்தான் அப்படி முடியவில்லை. 1880 அக்டோபர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்த புதிது, வயது 25. அந்த ஊருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர், பட்டியலுக்குக் குறைச்சலா? முதலியார் மசியவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். சிந்தாமணி படித்ததுண்டா? மணிமேகலை? சிலப்பதிகாரம்? இவர் அவற்றைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. புத்தகம் கிடைத்தால் படித்துவிடுவேன் என்று கொஞ்சம் மிடுக்காகவே பதில் சொல்கிறார்.

பிரதி கைக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிகிறது. சமண சமயம் தெரியாமல் சிந்தாமணியில் ஓர் அடி நகர வழியில்லை. அந்த ஊரில் இருந்த சமணர்களைத் தேடிப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சாகிறது. ஏழு வருஷம், ஒரு புத்தகம்.

உன் பட்டியலைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை, அம்மாடி. அந்த அந்தாதியும் உலாவும் படிக்காதவராக இருந்திருந்தால், சிந்தாமணியைத் தொடும் தெம்பே அவருக்கு வந்திருக்காது. முதலியார் அந்த விஷயத்தில் கொஞ்சம் கறார்தான். ஆனால் அப்படிக் கேட்க ஒரு ஆள் வாய்த்தாரே, அதை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆபீஸில் முப்பது வருஷம் என்ன படிக்கிறாய் என்று என்னை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

வீட்டில் கேட்க ஆள் உண்டு. வங்காள எழுத்தாளர் தாராசங்கர் பானர்ஜியின் ‘ஆரோக்ய நிகேதனம்’ நாவலை இந்த வருஷம் இரண்டாம் தடவையாக எடுத்தேன், த.நா. குமாரஸ்வாமியின் தமிழில். உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்ததால் சாயங்காலங்களில் உரக்கப் படித்தேன். நாடி பிடித்துப் பார்த்தே சாவு வருமா வராதா என்று சொல்லிவிடும் கிழ வைத்தியர் ஜீவன் மஷாய். பெற்ற மகனின் நாடியிலும் அதைப் படித்தவர். அவரோடு மோதும் இளம் டாக்டர். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் பழைய பென்சில் எழுத்து: ‘டாக்டர் பக்கம்தான் நியாயம்.’ வைத்தியம் என்ற அளவில் இப்போதும் டாக்டர் பக்கம்தான் இருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை அவர் பேசும் பக்கங்களை வேகமாகக் கடந்துவிட்டு, கிழவர் தனியாக உட்கார்ந்து பழசை நினைக்கும் பக்கங்களில் மெதுவாகப் போனேன். கேட்டுக்கொண்டே இருந்த உன் அம்மா, அவர் மனைவியின் கசப்பு வரும் இடத்தில், “ஊர்ல எல்லார் நாடியும் பார்த்தாரு, கட்டினவ நாடி தெரியலையே” என்றாள். நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இதைப் பார்க்கவில்லை.

பென்சில் பழக்கம் என்னுடையதல்ல, பிரெஞ்சுக் கட்டுரையாளர் மாண்டேய்னிடம் கற்றது. 1580-இல் முதலில் வெளிவந்த தன் கட்டுரைகளில் சொல்கிறார்: ஞாபகம் கைவிட்டுவிடுகிறது, படித்ததையே புதிசு என்று மறுபடி கையில் எடுத்துவிடுகிறேன், அதனால் ஒவ்வொன்றின் முடிவிலும் முடித்த தேதியையும் என் அபிப்பிராயத்தையும் எழுதி வைக்கிறேன் என்று. கேட்க ஆள் இல்லாதபோது நம்மையே நாம் கேட்டுக்கொள்ள இது நல்ல வழி. இரண்டே வரி போதும். நட்சத்திரம் போடாதே.

பட்டியல்காரர்களுக்கு டார்வின்தான் மூதாதை. 1838-இலிருந்தே படித்தது, படிக்க வேண்டியது என்று நோட்டுப் போட்டு வைத்த மனுஷர். அப்படிப்பட்டவர் 1876-இல் சுயசரிதை எழுதும்போது, முப்பது வயது வரை ரசித்த கவிதையில் இன்று ஒரு வரியைக்கூடத் தாங்க முடியவில்லை, ஷேக்ஸ்பியர் குமட்டுகிறது என்கிறார். மறுபடி வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது கொஞ்சம் கவிதை, கொஞ்சம் சங்கீதம் என்று விதி வைத்துக்கொள்வாராம். சோகமாக முடியும் நாவல்களுக்கு எதிராக ஒரு சட்டம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இந்த யோசனைக்கு உன் அம்மாவின் முழு ஆதரவு.

பயந்துபோய் நான் குறுந்தொகை ஆரம்பித்தேன், 1937-இல் வந்த உ.வே.சா. உரையோடு. நாளுக்கு ஒன்று என்று வைத்தால் 400 பாட்டு வருஷத்துக்குள் அடங்காது, தெரிந்தேதான் இறங்கினேன். கபிலர் பாட்டு ஒன்றில், ரகசியமாகத் தன்னை மணந்த காதலன் கைவிட்டால் சாட்சிக்கு யார் என்று ஒரு பெண் தவிக்கிறாள். அன்றைக்கு அங்கே யாரும் இல்லை, அவனைத் தவிர. ஒரு குருகு மட்டும் நின்றது, தினைத்தாள் மாதிரி ஒல்லிக் காலோடு. அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து நான் பார்க்காத சாட்சி இல்லை. இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக்கூட முடியாது. ஐந்தே வரி, அந்த வாரம் வேறு எதுவும் படிக்கவில்லை.

பாதியில் விட்டவையும் உண்டு. தடிமனான ஒரு சரித்திரப் புத்தகம், எல்லோரும் புகழ்ந்த ஒரு நாவல். வருத்தமே இல்லை. போனில் மணிக்கணக்காக மேய்ந்ததெல்லாம் எந்தக் கணக்கிலும் வராது.

இப்போது என் முறை. நீ முடித்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். யார்மேல் கோபம் வந்தது, எந்த இடத்தில் மூடி வைத்தாய் என்று எழுது. போனில் வேண்டாம், உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள். ஆரோக்ய நிகேதனத்தைக் கேட்காதே, நாற்பது தாண்டட்டும். குறுந்தொகை வேண்டுமானால் அடுத்த பார்சலில் வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா