பதிப்புரிமை உரித்தாளர் கிடைக்காத நூல்களுக்கு ஒரு வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பைப் பற்றிய பழைய நூல்களை எங்கே தேடியும் கிடைப்பதில்லை என்று ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் குறைப்பட்டு எழுதியிருந்தார். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவற்றில் பல இன்னும் இருக்கின்றன. ஒற்றைப் பிரதியாக, அட்டை போன பிரதியாக, யாரோ ஒருவருடைய அலுமாரிக்குள் இருக்கின்றன. எல்லோரும் வாசிக்கிற இடத்துக்கு அவை வந்து சேராததற்குக் கறையான் ஒரு காரணம். சட்டம் இன்னொரு காரணம். கறையானைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நான் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அறுபத்துநான்கு பக்கச் சின்னப் புத்தகம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வாத்தியார் ஒருவர் வேளாண்மைச் சொற்களைத் தொகுத்து, எழுபதுகளில் தன் கைக்காசைப் போட்டு அச்சடித்தது. வட்டை, வட்டவிதானை, முல்லைக்காரன், சூடு, பொலி என்று ஒவ்வொன்றையும் எடுத்து, அதை யார் சொல்வார்கள், எந்த வேளையில் சொல்வார்கள் என்று விளக்கியிருப்பார். நெல்லைச் சூடு மிதிக்கிற களமாகிய களவெட்டிக்குள் வாயில் எடுக்கக் கூடாத சொற்களுக்கே தனியாக நாலு பக்கம். வெட்டுகிற மெஷின் வந்தபின் களவெட்டியும் போய்விட்டது, அந்தப் பேச்சும் போய்விட்டது. விற்காமல் கிடந்த பிரதிகள் 1978 நவம்பர் சூறாவளியில் வாத்தியார் வீட்டுக் கூரையோடு போனதாகச் சொல்வார்கள். என்னிடம் உள்ளதிலும் மழைத்தண்ணீர் பட்ட கறை இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிற பிள்ளை ஒருத்தி அதைத் தேடி வந்தாள். “சேர், இத போன்ல படம் எடுக்கட்டா?” என்று கேட்டாள். “எடு மகள்” என்றேன். படிப்புக்காக அப்படி எடுப்பதை நியாயமான பயன்பாடு என்று சட்டமே ஏற்கிறது. முப்பத்தோராம் பக்கத்தைப் புரட்டும்போது தாளின் மூலை அப்பளம் மாதிரி உடைந்து அவள் விரலோடு வந்துவிட்டது. பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அந்தத் துண்டை வாங்கிப் பக்கத்துக்குள்ளேயே வைத்தேன். அப்புறம் அவள் கேட்ட கேள்விதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. “இத முழுசா ஸ்கேன் பண்ணி நெட்ல போட்டா எல்லாருக்கும் உதவும்தானே சேர்?”

உதவும். ஆனால் போட முடியாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் காலமான பிறகும் 70 வருடத்துக்குப் பதிப்புரிமை நிற்கிறது. வாத்தியார் 1994இல் காலமானார். அப்படியென்றால் 2064 முடியும்வரை இந்தப் புத்தகம் பூட்டுக்குள்தான். அந்தப் பிள்ளைக்கு அப்போது அறுபது தாண்டியிருக்கும். இந்தத் தாள் அதுவரை நிற்காது.

இத்தனை நீண்ட காலத்தை யாரும் நம்மிடம் வற்புறுத்திக் கேட்கவுமில்லை. புலமைச் சொத்து பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கைக்கு, எழுதியவர் இறந்து 50 வருடம் போதும். இந்தியாவில் 60. நாமாகவே 70 என்று வைத்துக்கொண்டோம். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் மறைந்தார். பழந்தமிழ் இசையை ஆராயும் அவருடைய யாழ் நூலை இன்றைக்கு யாரும் பதிப்பிக்கலாம், ஸ்கேன் செய்து பகிரலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவருக்குப் பின்னால் வந்து, அவர் காட்டிய வழியில் ஊர் ஊராகத் தேடித் தொகுத்த வாத்தியார்மாருடைய சின்னச் சின்ன நூல்கள்தான் இடையில் அகப்பட்டுக் கிடக்கின்றன. இரண்டாம் பதிப்பு காணாதவையும் அவைதான்.

சரி, அனுமதி வாங்கலாமே என்று கேட்பீர்கள். அதற்கும் போனேன். குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போய், அங்கிருந்து விசாரித்து விசாரித்து வாத்தியாருடைய வளவைக் கண்டுபிடித்தேன். வளவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாவுக்குத்தான் அவரை நினைவிருந்தது. “வாத்தியார்ர புள்ளைகள் ஒருத்தரும் இஞ்ச இல்ல மனே. மூத்தவன் தொண்ணூறுல வெளிய போனவன், திரும்பி வரல்ல. மகள் கனடாவில எண்டு சொன்னாங்க, எந்த இடமெண்டு தெரியாது” என்றார். பதிப்புரிமைக்குப் பதிவேடு ஒன்றும் கிடையாது. எழுதியவுடனே உரிமை வந்துவிடும், இறந்தால் வாரிசுக்குப் போய்விடும். காணி என்றால் உறுதிப் பத்திரத்தை வைத்துத் தேடலாம். புத்தகத்துக்கு எதை வைத்துத் தேடுவது? ஓர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். வாரிசுகள் எல்லோருடைய எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. 1990இல் போய்த் திரும்பாத ஒரு மகனிடம் கையெழுத்து வாங்கச் சொல்கிறார்கள். அந்தக் கடிதத்தை வாசித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் மாவட்டத்தில் இது ஒரு வீட்டுக் கதையல்ல. இடம்பெயர்ந்தவர்கள், காணாமல் போனவர்கள், வெளிநாடு போனவர்கள் இல்லாத தெரு எது? போர் போதாதென்று 2004 டிசம்பரில் கடலும் வந்தது. உரித்தாளர் எங்கோ பத்திரமாக இருக்கிறார், கடிதம் போட்டால் பதில் போடுவார் என்று எண்ணி எழுதிய சட்டம் இது. மற்ற நாடுகள் இதை யோசித்திருக்கின்றன. வாத்தியாருடைய மகள் இருப்பதாகச் சொல்லும் கனடாவிலேயே, தேடியும் உரித்தாளர் கிடைக்காவிட்டால் பதிப்புரிமைச் சபையிடம் அனுமதி வாங்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தனியாக ஒரு பணிப்புரையே கொண்டுவந்தது. நூலகம் ஒழுங்காகத் தேடிப் பார்த்துப் பதிந்துவிட்டு நூலை இணையத்தில் வைக்கலாம், உரித்தாளர் பிறகு வந்தால் அவருடைய உரிமை அவருக்கே. இந்தியச் சட்டத்திலும் 31ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. நம் சட்டத்தில் நூலகங்கள் சிதைந்த பிரதிக்குப் பதிலாக இன்னொன்று எடுத்து வைக்க இடமுண்டு, அதற்கு மேல் வழியில்லை.

மாற்ற முடியாத சட்டமும் அல்ல. பார்வையற்றோருக்கு நூல்களை அவர்கள் வாசிக்கக்கூடிய வடிவில் ஆக்கிக் கொடுப்பதற்கான மரகேஷ் உடன்படிக்கையில் இலங்கை 2016இல் சேர்ந்தது. அதற்கேற்ப 2022இல் புலமைச் சொத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதே கையால் இதற்கும் ஒரு திருத்தம் எழுதலாம். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் யாராவது இதைக் கையில் எடுக்க மாட்டார்களா?

எழுத்தாளருடைய உழைப்பை இலவசமாக அள்ளிக் கொடுக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உயிரோடு இருந்து, கடன்பட்டு முந்நூறு பிரதி அடித்து, பையில் போட்டுக்கொண்டு விற்கிற எழுத்தாளருடைய புத்தகத்தைப் பீடிஎப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்புவது தவறு. என் பேச்சு விற்பனையிலேயே இல்லாத, யாருக்கும் ஒரு சதமும் வராத நூல்களைப் பற்றியது.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கவும் தேவையில்லை. இன்று எழுதுகிறவர்கள் ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டு வீட்டில் வைத்துவிடலாம்: “விற்பனையில் இல்லாமல் போனால் என் நூல்களை நூலகங்கள் இணையத்தில் வைக்கலாம்.” 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கு அப்படியொரு கடிதம் போதும். மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களத்துக்கும் ஒரு வேண்டுகோள். பாரதியின் எழுத்துகளுக்கு 1949இல் அன்றைய சென்னை அரசு உரிமை வாங்கி, பின்னர் அவற்றைப் பொதுவாக்கியது. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்து எழுத்துகளை நாட்டுடைமையாக்குவது தமிழ்நாட்டில் இன்றும் நடக்கிறது. நம் மாகாணத்திலும், வாரிசுகள் தெரிந்த பத்துப் பேருடைய நூல்களிலிருந்தாவது தொடங்கலாம்.

கடைசியாக ஒன்று. இந்தக் கடிதம் கனடாவிலுள்ள அந்த மகளின் கண்ணில் பட்டாலும் படலாம். தங்கச்சி, அப்பாவின் புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. முப்பத்தோராம் பக்கத்தின் மூலை மட்டும் உடைந்திருக்கிறது. என் முகவரியை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி